தரையைப் படம் பிடித்த மாமா

என் கடிதக்காரருக்கு,

உங்கள் வாயாடி எழுதிக்கொள்வது. நான் நலம். மாமாவும் நலம். வீடுதான் நலமில்லை. பாதிச் சாமான் பெட்டிக்குள் போய்விட்டது, மீதி எங்கே போவதென்று தெரியாமல் நடையில் உட்கார்ந்திருக்கிறது. நேற்று கரண்டியைத் தேடிக் கட்டி வைத்த பெட்டிகளையெல்லாம் பிரித்துப் போட்டேன். கரண்டி என் கையிலேயே இருந்தது. சிரிக்காதீர்கள். ஒற்றை ஆளாக ஒரு வீட்டைக் காலி செய்து பார்த்தால்தான் அந்த அருமை தெரியும். இருமல் நின்றதா என்று கேட்டிருந்தேன், நீங்கள் பதிலே எழுதவில்லை. எழுதாவிட்டால் நிற்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

நான் தபால் நிலையத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்கிறாள். கையில் போன் இருக்கிறது, இந்தக் காலத்தில் யாராவது புருஷனுக்குக் கடிதம் எழுதுவார்களா என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்? போனில் உங்களுக்கு முதல் வார்த்தையே திக்கும். அந்தப் பக்கம் நீங்கள் திணற, இந்தப் பக்கம் நான் பொறுக்க மாட்டாமல் வாக்கியத்தை முடித்து வைக்க, நான் முடித்தது ஒரு நாளாவது நீங்கள் சொல்ல வந்ததாக இருந்ததுண்டா? கடிதத்தில் நீங்கள் வேறு ஆள். உங்கள் கடிதங்களைப் படித்துவிட்டுத்தானே கல்யாணத்துக்கே சரி என்றேன். அதனால் தபால்காரர் இருக்கும்வரை நமக்குக் கவலை இல்லை.

இனி முக்கியமான விஷயம். உங்கள் அப்பாவுக்காக நீங்கள் சொன்ன முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அறை சுத்தம், கட்டில் உயரம் சரி, ஜன்னலைத் திறந்தால் மரம். வீட்டுக்கு வந்து மாமாவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். ‘ம்’ என்றார். அவ்வளவுதான். அந்த ‘ம்’முக்குச் சரி என்று அர்த்தமா, உன் இஷ்டம் என்று அர்த்தமா, என்னை ஏன் கேட்கிறாய் என்று அர்த்தமா, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் துணிப் பையைக் கட்டி வாசல் கதவோரம் வைத்திருக்கிறார். நான் உங்களிடம் வர விமானம் ஏறவே இன்னும் நாள் கிடக்கிறது. அந்தப் பையை எடுத்து உள்ளே வைக்கவும் எனக்குக் கை வரவில்லை.

உங்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ‘அவர் என்னோடு பேசியதே கிடையாது, இங்கே வந்து இரண்டு அறைக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா’ என்று எழுதியிருந்தீர்கள். பெற்ற அப்பாவை ‘அவர்’ என்று நீங்கள் எழுதுவதைப் பார்த்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் அதன் காரணமும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் பேச்சு வராமல் நீங்கள் நின்றதும், முன்வரிசையில் வீடியோ கேமராவோடு நின்ற மாமா அதை நிறுத்தியதும், அதில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்ததும், அவர் திரும்பிப் பார்க்காமல் மண்டபத்தை விட்டு வெளியே நடந்ததும், நீங்கள் எனக்கு ஒரே ஒரு தடவை எழுதிக் காட்டியிருக்கிறீர்கள். பெற்றவரே பார்க்கச் சகிக்காமல் போய்விட்டார் என்று எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருந்தீர்கள். நான் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வாயாடிக்கும் சில இடத்தில் வாயடைக்கும்.

அந்தக் கேமராதான் இப்போது அகப்பட்டது. அலமாரி உச்சியில், ஒரு செருப்புப் பெட்டிக்குள், சின்னச் சின்ன டேப்புகளோடு. கேமரா செத்துவிட்டது. டேப்புகள் ஒவ்வொன்றிலும் மாமா தேதி மட்டும் எழுதியிருக்கிறார், இயந்திரத்தில் அச்சடித்த மாதிரிக் கையெழுத்து. என்ன செய்யட்டும் என்று கேட்டேன். “தூக்கிப் போடு” என்றார். எனக்கு மனசு வரவில்லை. உங்கள் அம்மாவை நான் போட்டோவில்தானே பார்த்திருக்கிறேன். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டார்களே. மாமியார் நடப்பதையும் சிரிப்பதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்ற ஆசையில், பழைய டேப்பைச் சிடியில் ஏற்றித் தரும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நகல் எடுப்பது, லேமினேஷன் போடுவது, போட்டோ எடுப்பது எல்லாம் ஒரே அறைக்குள் செய்கிற கடை.

இன்று அந்தக் கடைக்காரர் போன் செய்தார். “அம்மா, ஏத்திட்டேன். ஆனா இதுல ஆளே இல்லையே, வெறும் தரைதான் இருக்கு” என்கிறார். தன் மிஷின்தான் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு வீட்டு டேப்பைப் போட்டுப் பார்த்தாராம், அதில் எல்லோரும் தலையோடுதான் இருந்தார்களாம். தரையை வெட்டி எறிந்துவிட்டு நல்லதை மட்டும் சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டார். எது நல்லது என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அப்படியே கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அப்பா எதற்காகத் தரையைப் படம் பிடித்தார்? தெரிந்தால் எழுதுங்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் குடியுங்கள்.

பெட்டிகளுக்கு நடுவிலிருந்து,
உங்கள் வாயாடி

* * *

என் கடிதக்காரருக்கு,

உங்கள் பதில் வந்தது. ‘அவருக்கு எப்போதுமே மனிதர்களைவிடத் தரைதான் பிடிக்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல நக்கல். ஒரு வாரத்துக்கு முன்பு வந்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். இப்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

சிடிகளை வாங்கி வந்தேன். கடைக்காரர் பொறுப்பானவர், ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதை எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் ‘தரை’. அடுத்ததில் ‘மறுபடியும் தரை’. இன்னொன்றில் ‘சுவர், கொஞ்சம் கால்’. தூக்கிப் போடச் சொன்ன மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து, டிவிக்கு நேரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு ஐயோ என்றிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

போட்டேன். தரை ஓடியது. பிறகு கால்கள். சின்னக் கால் ஒன்று செருப்பில்லாமல் குறுக்கே ஓடுகிறது, அது நீங்களாக இருக்க வேண்டும். வார் அறுந்து நூலால் தைத்த செருப்பு ஒரு ஜோடி, அது அத்தை, உங்கள் அம்மா. எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒவ்வொரு தடவையும் படம் தொடங்கும்போது மாமாவின் குரல் “ம், போதும்” என்கிறது. உடனே அந்தச் செருப்புக்காரி “அப்பாடா, நின்னு நின்னு இடுப்பே போச்சு” என்கிறார். அதற்குப் பிறகு பேச்சு, பேச்சு, பேச்சு. மாமியாருக்கும் எனக்கும் அந்த விஷயத்தில் ஒற்றுமை இருக்கிறது போலிருக்கிறதே, நீங்கள் சொன்னதே இல்லை. யாராவது மாமாவிடம் ஒன்று கேட்டால்கூட அத்தைதான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்.

ஒரு கால்தான் என்னைக் குழப்பிவிட்டது. யாராவது ஏதாவது கேட்டால் வலது குதிகாலால் தரையைத் தட்டும் கால். தட்டும், தட்டும், பிறகு அத்தை பதில் சொன்னதும் நின்றுவிடும். உங்களுக்குப் பேச்சு சிக்கும்போது நீங்கள் செய்கிற அதே காரியம். நீங்கள்தான் என்று சட்டென்று நினைத்துவிட்டேன். பிறகு பார்த்தால் அது வளர்ந்த ஆளின் கால், பெரிய தொழிற்சாலை ஷூ. யாரோ என்று விட்டுவிட்டேன்.

மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் இறுகிவிட்டது. “இது நான் எடுத்ததில்ல” என்றார். கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்பதுபோலக் கையை ஆட்டினார். எனக்கும் கோபம் தலைக்கேறியது. நேரே போய்க் கடையில் ஒரு பிடி பிடித்தேன். பாவம், அந்த மனிதர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். திரும்பி வந்து மறுபடியும் போட்டுப் பார்த்தபோது, நம் அடுப்படிக் குழாய்க்குக் கீழே தரையில் ஒரு விரிசல் இருக்கிறதல்லவா, அது அப்படியே படத்தில் போனது. ஆக, வீடு நம் வீடு, டேப் நம் டேப், எடுத்தவரும் மாமாதான். ஆனால் மாமா, தான் எடுத்ததெல்லாம் முகங்கள் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் சிவப்பு விளக்கு ஞாபகம் வந்தது. மாமா நிறுத்தியபோது சிவப்பு எரிந்தது என்றுதானே நீங்கள் எழுதினீர்கள்? செத்த கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். சண்டைக்கு வரவில்லை, ஒரே ஒரு சந்தேகம் என்றேன். இந்தச் சிவப்பு எப்போது எரியும்? ஓடும்போது எரியும் என்றார். நிறுத்தினால்? சிவப்பு அணைந்து பச்சை மட்டும் எரியும் என்றார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், இந்தச் சிவப்பு எரிந்தால் என்ன அர்த்தம் மாமா என்று. “நின்னுடுச்சுன்னு அர்த்தம்” என்றார். இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவர் வழக்கமாக எடுத்துக்கொள்கிற நேரத்தை எடுத்துக்கொண்டு, “பச்சைன்னா ஓடுது, கை வைக்கக் கூடாது. சிவப்புன்னா நின்னுடுச்சு, கை வைக்கலாம்” என்றார். அவர் வேலை செய்த இரும்புத் தகடு அழுத்துகிற தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் தலையிலும் அப்படித்தானாம். அங்கே சிவப்பு எரிந்தபிறகு மட்டுமே கையை வைத்ததால்தான் இன்றைக்கும் அவருக்குப் பத்து விரலும் இருக்கிறது.

புரிகிறதா? சுவிட்சைப் போட்டதும் கேமராவில் பச்சை எரியும். ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு உங்களையும் அத்தையையும் நிற்க வைத்துப் பிடித்திருக்கிறார். அப்போது ஒன்றுமே பதிவாகவில்லை. பிறகு பொத்தானை அமுக்கியிருக்கிறார், சிவப்பு எரிந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று நினைத்துக் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். அங்கேதான் டேப் ஓடத் தொடங்கியிருக்கிறது.

இத்தனை வருஷம் ஒருவருக்குமா தெரியவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டு மாமாவைத் துருவித் துருவிக் கேட்டேன். இந்தக் கேமராவை அவருக்கு விற்ற தொழிற்சாலை நண்பர்தான் முதல் டேப்பை எடுத்துக் காட்டி, தன் வயரில் மாட்டி டிவியில் போட்டும் காட்டினாராம். அது நன்றாகவே வந்திருந்ததாம். அந்த டேப்பும் வயரும் நண்பரோடு போய்விட்டன. அதற்குப் பிறகு போட்டுப் பார்க்க வழியில்லை, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார். ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள் என்பது அவருடைய தொழிற்சாலைச் சட்டம், வீட்டில் வேறு யாரையும் அதைத் தொடவிட்டதில்லை. டேப் மட்டும் சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று புலம்புவாராம்.

நான் பொறுமையாக விளக்கிச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அணைந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார். “அப்ப அவ முகம் ஒண்ணுகூட இல்லையா?”

செருப்பு இருக்கிறது, குரல் இருக்கிறது, முகம் இல்லை. எழுந்து போய்த் தேய்த்த சட்டையைக் கழற்றி மடித்துத் துணிப் பையில் வைத்துவிட்டு வந்தார். இன்னும் ஒரு சிடி பார்க்காமல் கிடக்கிறது. எனக்குத் தெம்பு இல்லை. நீங்கள் அவருக்குத் தனியாக நாலு வரி எழுதினால் நன்றாக இருக்கும். என்ன எழுதுவது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை.

குழம்பிப்போய்,
உங்கள் வாயாடி

* * *

என் கடிதக்காரருக்கு,

இந்தக் கடிதத்தை வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்றுகொண்டே படிக்காதீர்கள். உட்கார்ந்து படியுங்கள்.

கடைசி சிடியை இன்று போட்டேன். மாமா காய்கறி வாங்கப் போயிருந்தார். கடைக்காரர் அதன் மேல் ‘தரை, யாரோ பேசுகிறார்கள்’ என்று எழுதியிருந்தார். டேப்பின் தேதியைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. படம் தொடங்கியதும் பிடிபட்டது. ஏனென்றால் இந்தச் சிடிகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரே ஒரு முகம்தான் நேராக இருக்கிறது, அது உங்கள் முகம். கண் மூடித் திறக்கிற நேரம்தான். மேடை, மைக், அதன் உயரத்துக்கு எட்டாத ஒரு சின்னப் பையன், வாய் திறந்தபடி நிற்கிறான், சத்தம் வரவில்லை. மாமா பொத்தானை அமுக்கிய நொடி அது. நீங்கள் மேடையிலிருந்து பார்த்த சிவப்பு எரிந்த நொடி.

உடனே கேமரா இறங்கிவிட்டது. நாற்காலிக் கால்கள், ஷூக்கள், ஒரு கதவின் அடிப்பக்கம், வெளிச்சம், பிறகு தாழ்வாரத்துத் தரை. தொழிற்சாலை ஷூ இரண்டும் வேகமாக நடக்கின்றன. நீங்கள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை, அவர் வெளியேதான் போனார். எனக்கு நிறுத்திவிடலாம் என்றிருந்தது. இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாழ்வாரத்தில் இன்னொரு ஜோடிக் கால் எதிரே வந்து நின்றது. ரப்பர் செருப்பு, பக்கத்தில் ஒரு தடி. பள்ளிக்கூடக் காவல்காரர் என்று நினைக்கிறேன். “என்ன சார், பையன் மேடையில நிக்கிறான், நீங்க பாட்டுக்கு வெளிய வந்துட்டீங்க?” என்று கேட்டார்.

ஷூவின் குதிகால் தரையைத் தட்டியது. தட்டியது, தட்டியது. அங்கே முந்திக்கொண்டு பதில் சொல்ல அத்தை இல்லை. அப்போதுதான் அந்தக் கால் யாருடையது என்று எனக்கு உறைத்தது. வளர்ந்த ஆள், தொழிற்சாலை ஷூ, வேறு யாராக இருக்க முடியும்? இதுகூடத் தெரியாமல் நான் கண்ணை எங்கே வைத்திருந்தேன்? உங்களுக்கு அந்தக் குதிகால் எங்கிருந்து வந்தது என்று நினைத்தீர்கள்?

பிறகு மாமா பேசினார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

“நா... நான் பார்த்துட்டு இருந்தா அவனுக்கு வ... வ... வராது” என்றார். குதிகால் தட்டியது. “எ... எனக்கும் அப்படித்தான். வே... வேண்டியவங்க பார்த்தா எனக்கும் வராது. நான் இல்லன்னா பே... பே... பேசிடுவான்.”

அவ்வளவுதான். ரப்பர் செருப்பு தள்ளிப் போகவில்லை. ஷூ இரண்டும் திரும்பின. சுவரை முட்டிக்கொண்டு நின்றன. முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றிருப்பார் போலிருக்கிறது. உள்ளே சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று தெரியாது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஒரு பிள்ளைக் குரல் ‘மரியாதைக்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே’ என்று தொடங்கியது. நிற்கவே இல்லை. மரம் ஏன் வளர்க்க வேண்டும் என்று கடகடவென்று முழுவதையும் சொல்லி, நன்றி வணக்கமும் சொல்லி முடித்தது. கைதட்டல் கேட்டது. சுவரோரம் ஷூ இரண்டும் அசையாமல் நின்றன. பிறகு படம் அறுந்துவிட்டது.

அது ஏன் அறுந்தது என்று யோசியுங்கள். நீங்கள் வெளியே வருவதைப் பிடிக்க அவர் பொத்தானை அமுக்கியிருக்கிறார், சிவப்பு அணைந்திருக்கிறது. ஓடுகிறது என்று நினைத்து உங்களையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இந்த டேப்புகளில் எங்கெல்லாம் ஒன்றும் இல்லையோ அங்கெல்லாம் அவர் உங்களைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். நீங்களோ அவரைப் பார்க்காமலே கடந்து போனதாக எழுதியிருந்தீர்கள். ‘கோபம்தான் அன்றைக்கு என்னைப் பேச வைத்தது’ என்றும் எழுதியிருந்தீர்கள். அது கோபம்தானா, அல்லது அவர் சொன்னதுபோல் அவர் பார்க்காததால்தானா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கே தெரியுமா என்றும் தெரியவில்லை.

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தால் மாமா வாசலில் நிற்கிறார், கையில் காய்கறிப் பையோடு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். “பேசி முடிச்சான்” என்றார். “கை தட்டினாங்க. கேட்டியா?”

கேட்டேன் மாமா என்றேன். எதற்காக வெளியே வந்தீர்கள் என்று உங்கள் மகனிடம் சொல்லவே இல்லையா என்று கேட்டேன். இத்தனை வருஷமாக அவர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்று சொல்ல வந்து, சொல்லாமல் விழுங்கிவிட்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை. மாமா என்னை விசித்திரமாகப் பார்த்தார். “என்னத்த சொல்றது? அவன்தான் பேசிட்டானே” என்றார். நீங்கள் கோபமாக இருந்தீர்கள் என்பதே அவருக்குத் தெரியாது. உங்களுக்குப் பேசக் கூச்சம், தன்னைப் போலத்தான் என்றே இதுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இரக்கப்பட்டீர்களா, கோபப்பட்டீர்களா, நடுவில் வந்து மாட்டிக்கொண்ட எனக்குத் தலை சுற்றுகிறது.

எனக்கும் ஒரு சின்ன மனக்குறை இருந்தது, உங்களிடம் சொன்னதில்லை. வெளியாட்கள் வந்தால் மாமா என்னை மருமகள் என்று சொல்லி அறிமுகம் செய்ததே இல்லை. கையை என் பக்கம் நீட்டுவார், அவ்வளவுதான். மருமகளாக மனசில் ஏற்றுக்கொள்ளவில்லையோ என்று நினைத்தேன். இன்று மத்தியானம் முதியோர் இல்லத்திலிருந்து கையெழுத்து வாங்க ஒரு அம்மா வந்தார். என்னைக் காட்டி, இவங்க யாரு என்று மாமாவிடம் கேட்டார். நான் வழக்கம்போல வாயைத் திறந்துவிட்டேன். பிறகு மூடிக்கொண்டேன். அடுப்பில் ஏதோ தீய்வதுபோல எழுந்து போய், மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். குதிகால் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மா இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். அடுப்பில் ஒன்றுமே இல்லை, நான் வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். “ம... ம... மருமக” என்றார் மாமா. “எ... எங்க வீட்டு மருமக.”

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமலே அந்த அம்மாவை அனுப்பிவிட்டேன். பிறகு சொல்கிறேன் என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மாமா இல்லத்துக்குப் போக வேண்டும் என்றோ, நம்மோடு வர வேண்டும் என்றோ நான் சொல்லப்போவதில்லை. உங்கள் இரண்டு பேருக்காகவும் நான் முடித்து வைத்த வாக்கியங்கள் போதும். பை இன்னும் வாசல் கதவோரம்தான் இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. அதைப் பிரிப்பதா வேண்டாமா என்று நீங்கள் இருவரும்தான் பேச வேண்டும். போன தடவை எழுதச் சொன்னேனே, அப்படிக் கடிதத்தில் இல்லை, வாயால். எழுத்துப் படிக்க அவருக்குக் கண் சரியில்லை, உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருக்கும். அப்படிப் படித்தால் அது என் பேச்சாகிவிடும்.

அதனால் நான் ஒன்று செய்யப்போகிறேன். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் ‘கிடைத்தது’ என்று ஒரே ஒரு வார்த்தை செய்தி அனுப்புங்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் எழுந்து டீ குடிக்கிற நேரத்துக்கு, இங்கிருந்து போன் போடுவேன். நீங்கள் எடுத்ததும் போனை மாமாவின் கையில் கொடுத்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். யாரும் அவரைப் பார்க்க மாட்டார்கள். முதல் வார்த்தை வர எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், நான் கதவுக்கு வெளியே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் இருமல் குணமாக வேண்டும், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். என்னிடம் வேறு வேண்டுதல் இல்லை, இந்த ஒன்றைத் தவிர. அந்தப் பக்கம் சத்தமே இல்லை என்று போனை மட்டும் வைத்துவிடாதீர்கள். காதை அழுத்தி வைத்துக் கேளுங்கள், தரையில் ஒரு குதிகால் தட்டிக்கொண்டிருக்கும்.

கதவுக்கு வெளியே நிற்கப்போகும்,
உங்கள் வாயாடி